நெல்லிக்காய் விழாத லென்ஸ்

அக்கா, நீங்க வாயைத் திறக்காதீங்க. திறந்தால் வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். கையில் இருப்பது துணிக்கடை கவர்தானே? ஓட்டை இல்லையே? ஒரு தடவை ஊதிப் பாருங்க. போன மாதம் இதே பஸ்ஸில் ஒருத்தர் ஓட்டைக் கவரை நம்பி... சரி, வேண்டாம்.

இப்போதுதான் நாற்பதாவது வளைவு போனது. கீழேயிருந்து எண்ணிப் பலகை வைத்திருக்கிறார்கள், அதனால் இறங்குகிற நமக்கு எண் குறைந்துகொண்டே வரும். ஒன்று வந்தால் ஆழியாறு. அதுவரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தால் உங்களுக்கும் கவனம் மாறும். எனக்கும் யாரிடமாவது கொட்டியாக வேண்டும், இல்லையென்றால் நான்தான் வாந்தி எடுப்பேன். பஸ்ஸினால் இல்லை. பஸ்ஸெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. பதினேழு வயசாகிறது, ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எனக்குக் குமட்டுவதெல்லாம் மனுஷர்களைப் பார்த்துத்தான். அதிலும் லென்ஸ் வைத்திருக்கிற மனுஷர்கள். சீ!

மடியில் இருப்பது குழந்தை இல்லை, பயப்படாதீங்க. இதுவும் லென்ஸ்தான். எங்க அப்பாவுடையது. கேமராவோடு சேர்த்து நாலு கிலோ. காட்டுக்குள் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். அறுநூறு மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொல்லும்போது இவர்கள் குரல் எப்படித் தணியும் தெரியுமா? கோயிலில் சாமி பெயர் சொல்கிற மாதிரி. "அறுநூறுங்க..." தூ!

நான் எல்லார் குரலும் பேசுவேன், அக்கா. அதுதான் என் வேலையே. ஸ்கூலில் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். அப்பாவின் க்ளினிக்குக்குப் போன் போட்டு, "டாக்டரே, போன வாரம் புடுங்குன பல்லு திருப்பி மொளைச்சுருச்சுங்க, காசு வாபஸ் வேணுமுங்க" என்று கிழவர் குரலில் அழுதிருக்கிறேன். அப்பா பல் டாக்டர். பொள்ளாச்சியில் அமிர்தலிங்கம் டாக்டர் என்றால் தெரியும். அவரும் பத்து நிமிஷம் அந்தக் கிழவரைச் சமாதானப்படுத்தினார், பாவம்.

இந்தக் கண்டக்டர் அண்ணா குரலைக் கேட்டீங்களா? மூக்கில் பாதி, தொண்டையில் பாதி. பாருங்க. "அட்டகட்டி எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்!"

ஹா! டிரைவர் பிரேக் அழுத்திவிட்டார். ரெண்டு பேர் எழுந்தேவிட்டார்கள். ஐயோ, இங்கேதான் வருகிறார். நீங்க தூங்குகிற மாதிரி இருங்க.

"ஏம் பாப்பா, இன்னொருக்கா கத்துன, நடுக்காட்டுல எறக்கி உட்ருவேன், ஆமா."

"சாரிங்ணா."

போய்விட்டார். அவருக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். எல்லாருக்கும் அவர்கள் குரலைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்க அப்பா ஒருத்தருக்குத்தான் வரவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். இன்றைக்குக் காலையில் அவருடைய போட்டோ குழு முன்னால் நான் அவரை மாதிரி செய்து காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்கு மனுஷர் லென்ஸை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். இனிமேல் தொடமாட்டாராம். குழுவுக்கும் வரமாட்டாராம். பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட்டு, "க்ளினிக்கைப் பேசாம பெனாசிர்கிட்டவே ஒப்படைச்சரலாம்னு இருக்கறன் கண்ணு" என்கிறார். ஒரு மிமிக்ரிக்குக் க்ளினிக்கை மூடுவார்களா அக்கா? எவ்வளவு நாடகம்! பெனாசிர் அக்கா அங்கே ஜூனியர் டாக்டர். ஆறு மாதமாகப் பல் பிடுங்குவது, குழி அடைப்பது எல்லாம் அவர்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து லென்ஸ் வீடியோ பார்ப்பார். சோம்பேறித்தனம். லென்ஸ் வந்தால் தொழில் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்க.

முப்பத்தி நாலு. அடுத்த திருப்பம் கொஞ்சம் மோசம், கண்ணை மூடிக்கொள்ளுங்க. ஆச்சு.

முதலில் இதை வாங்கின கதையைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கோயமுத்தூரில் ஒரு கடை. மேஜை மேல் மூன்று லென்ஸ். ஒன்று நீட்டி மடக்குகிற ஜூம், ரெண்டு கிலோ. இன்னொன்று ஐந்நூறு, ஒன்றரைக் கிலோதான், தண்ணீர் பாட்டில் மாதிரி. மூன்றாவது இந்தப் பிசாசு. கடைக்காரர் குரலில் நெய் ஒழுகும். "சார், உங்க வயசுக்கு இந்த ஐந்நூறு போதும் சார். வெயிட்டே இல்ல. நாள் பூரா கையில வெச்சுட்டு நிக்கலாம். அறுநூறுன்னா டிரைபாட் இல்லாம ஆவாது சார், தோளு எறங்கிரும்." நியாயமான பேச்சுதானே?

அப்பா அந்த ஒன்றரைக் கிலோவைத் தூக்கி, கண்ணாடிக்கு வெளியே எதிர்க்கடை போர்டைப் பார்த்தார். சூடு பட்டவர் மாதிரி உடனே கீழே வைத்துவிட்டார். ஜூமைத் தூக்கினார். அதையும் வைத்துவிட்டார். அப்புறம் இதைத் தூக்கினார். இறக்கவே இல்லை. நான் சும்மா எண்ணினேன், எழுபது வரைக்கும் போனது. அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? ராத்திரி பூரா பல்வலியில் கிடந்தவனுக்கு ஊசி போட்டதும் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"இதுதாங்க வேணும்" என்றார்.

"சார், டிரைபாட்?"

"வேண்டாம். கையிலதான் புடிப்பேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கடைக்காரரைப் பார்த்தேன். லேசான பொருளைக் கீழே வைத்துவிட்டுக் கனமானதைக் கட்டிக்கொள்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? பந்தா. வேறென்ன? பெரிதாகத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். லென்ஸுக்கு!

அன்றையிலிருந்து வீட்டில் ஸ்டைல் தாங்க முடியவில்லை. தாடி வளர்க்கிறார். ஷேவிங் செய்வதே இல்லை. காட்டு போட்டோகிராபராம். பட்டன் வைத்த சட்டையெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டது, எந்நேரமும் டி-ஷர்ட். காபிக்கு ஸ்டீல் டம்ளர் ஆகாதாம், தாத்தா காலத்துப் பித்தளை டம்ளரைத் தேடி எடுத்தார். காலையில் அதைத் தூக்கினாலே எனக்குக் கை வலிக்கும், அவ்வளவு கனம். அம்மாவும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள், அதில் பாதிதான் ஊற்றுகிறாள். கேட்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கையெழுத்துப் போடமாட்டார், ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறார். பெரிய கலெக்டர். வலது மணிக்கட்டில் இரும்பு மாதிரி ஒரு வாட்ச். எந்த ஊரில் வலது கையில் வாட்ச் கட்டுகிறார்கள்?

பயிற்சி வேறு. காலையில் மொட்டை மாடியில் பிரஷர் குக்கரில் தண்ணீர் நிரப்பி, ரெண்டு கையாலும் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்கிறார், "ஏனுங் டீச்சர், டாக்டர் தெனமும் குக்கருக்கு சாமி கும்புடறாரா?" அவமானம், அக்கா. எனக்கு அவமானம்.

இருபத்தெட்டு. பழத்தை நகத்தால் கீறிவிடுங்க, வாசனை நன்றாக வரும். ம்.

ஞாயிற்றுக்கிழமைக் குழு என்று ஒன்று உண்டு. ஆறு பேர். எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். உடம்பெல்லாம் கொசு மருந்து நாற்றம், பதினாறு பாக்கெட் வைத்த கோட்டு, ஒரு பாக்கெட்டில் முறுக்கு, இன்னொன்றில் லென்ஸ் துடைக்கிற துணி. முறுக்கு தின்ற கையை எதில் துடைப்பார்கள் என்று கேட்காதீங்க. தலைவர் தெய்வசிகாமணி அங்கிள், ஸ்பின்னிங் மில் வைத்திருக்கிறார். மில் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்குக் காதோடு பேசவே தெரியாது. பறவை பக்கத்தில் இருக்கும்போதும் கத்துவார்.

"பாப்பா, கேட்டுக்க! எடது கை லென்ஸோட வகுத்துக்கு அடில. மொழங்கை ரெண்டும் நெஞ்சோட ஒட்டோணும், கோழி றெக்கையை மடக்குற மாறி. ஒரு காலு முன்னால. மூச்சைப் பாதி உடு. பாதில நிறுத்து. அப்பறம் அழுத்து. அடிக்கக் கூடாது, அழுத்தோணும்!"

அதற்குள் பறவை கேரளாவுக்குப் போயிருக்கும்.

அவர்கள் குழுவில் ஒரு சட்டம்: கையில் பிடித்து எடுத்தால்தான் படம். டிரைபாடில் வைத்து எடுத்தால் அதற்குப் பெயர் கைத்தடிப் படம். ஒருத்தர் டிரைபாட் கொண்டுவந்தால், "ஏனுங், மூட்டுக்கு எண்ணெய் தேச்சீங்களா?" என்று விசாரிப்பார்கள். அப்புறம் அந்த நெல்லிக்காய் பரீட்சை. அதைச் சொன்னால் நீங்க நம்பமாட்டீங்க.

இதோ பாருங்க, லென்ஸில் இப்படி ஒரு கால் இருக்கிறது. டிரைபாடில் மாட்டுவதற்கு. கையில் பிடிக்கிறவர்கள் இந்த வளையத்தைத் திருகி, காலை மேல்பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள், இடது கைக்கு இடைஞ்சல் இல்லாமல். இப்போது மேலே ஒரு சின்னப் பலகை மாதிரி ஆகிவிட்டதா? ஞாயிறு காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஆறு பேரும் வரிசையாக நின்று லென்ஸைத் தூக்குவார்கள். ஒவ்வொரு பலகை மேலும் ஒரு நெல்லிக்காய். ஒருத்தர் வாட்சைப் பார்த்து எண்ணுவார். யார் கை ஆடி யார் நெல்லி முதலில் உருண்டு விழுகிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் போண்டா. பேங்கில் இருந்தவர், மில் வைத்தவர், தோப்பு வைத்தவர், எல்லாரும் தலையில் நெல்லிக்காய் வைத்த பீரங்கி மாதிரி நடுரோட்டில் நிற்பார்கள். மூச்சு விடமாட்டார்கள். தெய்வசிகாமணி அங்கிளுக்கு முப்பதாவது நொடியில் தொப்பை ஆட ஆரம்பிக்கும். பேங்கில் இருந்த குழந்தைவேலு அங்கிளுக்குத் தாடை. நாற்பது நொடியில் எல்லாருக்கும் தோள் ஆடும். டொக், டொக் என்று விழும். அதைப் பொறுக்கி, துடைத்து, தின்றும்விடுவார்கள். ரோட்டில் விழுந்ததை. சீ!

எங்க அப்பாவுடையது மட்டும் விழாது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். இந்த நாலு கிலோவைத் தூக்கி வைத்துவிட்டால் கல். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அவருக்குப் "பாறை"யென்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏனுங் பாறை, உங்க கையிலதானுங்க பல்லைக் குடுக்கோணும்!" என்று தெய்வசிகாமணி அங்கிள் கத்துவார். அப்பா ஜெயித்த நெல்லியைத் தின்னமாட்டார். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து க்ளினிக் மேஜையில் வரிசையாக வைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று. பன்னிரண்டு வரைக்கும் சேர்ந்தது. முதலில் வந்ததெல்லாம் சுருங்கிக் கறுத்து ஆட்டுப் புழுக்கை மாதிரி ஆகிவிட்டது. பெனாசிர் அக்கா குப்பையில் போடப் போனதற்கு ஒரு சத்தம் போட்டாரே! பல் ஆஸ்பத்திரி மேஜையில் அழுகின நெல்லிக்காய். வருகிற பேஷண்ட் என்ன நினைப்பான்?

பதிமூன்றாவது வாரம் விழுந்தது. "காத்து" என்றார். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. அடுத்த வாரமும் விழுந்தது. "இந்தக் காயி ரொம்ப உருண்டையா இருக்குது" என்றார். அதற்கடுத்த வாரம் முதல் ஆளாக விழுந்தது, பத்தாவது நொடியில். பாறை போண்டா வாங்கினது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குக்கரில் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து ஊற்றினார். ஐம்பத்து மூன்று வயசில் போண்டாவுக்காக ஒரு மனுஷன் இப்படி உயிரை விடுவாரா? பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பத்தொன்பது. ஏங்க, கவர் வேண்டுமா? வேண்டாமா? நல்லது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்க.

இன்றைக்கு என்ன ஆச்சு என்றால், வால்பாறைக்கு மேலே ரோட்டோரம் ஒரு அத்திமரம். பழம் தின்ன இருவாச்சிப் பறவை வருமென்று ஆறு பேரும் ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தார்கள். வரவில்லை. வராததற்குக் காரணம் அந்தக் கொசு மருந்து நாற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்குச் சலிப்பாக இருந்தது. தேயிலைச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இருவாச்சி மாதிரி கத்தினேன். கரகரவென்று, உள்ளே ஆழத்திலிருந்து வர வேண்டும். ஒரு தடவைதான். ஆறு லென்ஸும் மேலே போனது பார்க்கணுமே! சத்தம் கேட்டாயிற்று, இனி இறக்க முடியாது, இறக்கின நொடியில் பறவை வந்துவிட்டால்? ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் கத்திக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிஷம், அக்கா! கை எல்லாம் கிளை மாதிரி ஆடுகிறது. தெய்வசிகாமணி அங்கிள், "தாயே, சீக்கிரம் வா தாயே" என்று பறவையைக் கும்பிடுகிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டேன்.

அப்புறம் நானே எழுந்து வந்து கும்பிடு போட்டேன். திட்டினார்கள், சிரித்தார்கள். குழந்தைவேலு அங்கிள் காதைத் திருகினார். டீக்கடைக்குப் போனோம். "ஏம் பாப்பா, எங்களையெல்லாம் செஞ்சு காட்டு பாக்கலாம்" என்று அவர்கள்தான் கேட்டார்கள். நானாக ஆரம்பிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்க.

தண்ணீர் பாட்டிலை லென்ஸாக வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகச் செய்தேன். தெய்வசிகாமணி அங்கிளின் தொப்பை, குழந்தைவேலு அங்கிளின் தாடை, தோப்புக்காரர் மூச்சை நிறுத்தினால் கண் பிதுங்குவது. டீக்கடைக்காரரே அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரித்தார். ஒவ்வொருத்தரும் தன் முறை வந்தபோது தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கடைசியில் அப்பா.

இங்கேதான் என் திறமையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்றால் ஒரே நடுக்கத்தை எல்லாருக்கும் வைத்திருப்பார்கள். அவர் நெல்லி விழாத நாளிலேயே நான் மூன்று ஞாயிறு உற்றுப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு நடுக்கம் தோளில் ஆரம்பிக்கும், லென்ஸைத் தூக்கி நாற்பது நொடி கழித்து. அப்பாவுக்கு அப்படி இல்லை. கட்டைவிரலில் ஆரம்பிக்கும். லென்ஸைத் தொடுவதற்கு முன்னாலேயே. கையில் ஒன்றுமே இல்லாதபோது. சின்னதாக, விடாமல், பீடி சுற்றுகிறவர்கள் விரல் மாதிரி. கனத்தைத் தூக்கினதும் நின்றுவிடும். கீழே வைத்தால் மறுபடி. மற்றவர்களுக்குத் தூக்கினால் நடுங்கும், இவருக்குத் தூக்காவிட்டால் நடுங்கும். தலைகீழ்! இதைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான்.

அப்படியே செய்தேன். முதலில் வெறும் கை. கட்டைவிரல். அதை இன்னொரு கையால் பிடித்து மறைப்பார், அதையும் செய்தேன். அப்புறம் பாட்டிலைத் தூக்கினதும் கல். கீழே வைத்ததும் மறுபடி.

"அட, அப்பிடியே டாக்டர் கைதானுங்க!" என்று தெய்வசிகாமணி அங்கிள் ஒரே கத்து. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பார்த்தார்கள். அவர் கையில் டீ கிளாஸ். கண்ணாடி கிளாஸ், லேசானது. டீ விரல் வழியாக வழிந்துகொண்டே இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது? என்னைக் கேட்டால், இந்த ஆட்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி அவ்வளவுதான். அப்புறம் குழந்தைவேலு அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர்... செவ்வாக்கெழம என்ற கடவாப்பல்லை அந்தப் பொண்ணு பெனாசிரே எடுக்கட்டுமுங்களா?" என்றார். நல்ல ஜோக்தானே? நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா "சரிங்க" என்றார். கிளாஸை வைத்தார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். தெய்வசிகாமணி அங்கிள்கூட மெதுவாகப் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்க, "போண்டா சாப்பிடறீங்களா பாறை" என்று. அந்தக் குரல் இதுவரை நான் கேட்டதே இல்லை. அதை இன்னும் பழகவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். என்னை உட்காரவைத்து இந்தப் பையை மடியில் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோயிரு. பாத்து, கனம்." அவ்வளவுதான். அவர் அடுத்த பஸ்ஸில் வருகிறாராம். தனியாக வர வேண்டுமாம். ஒரு திட்டுக்கூட இல்லை. திட்டியிருந்தால் அந்தக் குரலையாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பது. இங்கே டேம் தெரியும், நீங்க பார்க்காதீங்க, கீழே பார்த்தால் சுற்றும். நான் இதில் என்ன படம்தான் எடுத்திருக்கிறார் என்று பார்க்கிறேன், இருங்க. இருபது ஞாயிறு எடுத்திருக்கிறார், ஒன்றைக்கூட யாருக்கும் காட்டினதில்லை. இந்தப் பட்டனை அழுத்தினால் பின்னால் திரையில் வரும்.

குரங்கு. குரங்கின் முதுகு. வரையாடு, தலை இல்லை. இது... இது எங்க க்ளினிக் போர்டு! பாருங்க அக்கா. எங்க வீட்டு பால்கனியிலிருந்து எதிர்ப்பக்கம் எடுத்திருக்கிறார். "டாக்டர் அமிர்தலிங்கம், பல் மருத்துவர்." அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு தன் பெயரைத் தானே படம் எடுக்கிற ஆளை என்ன சொல்வது? மறுபடியும் போர்டு. மறுபடியும். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று எடுத்திருக்கிறார், தேதி இருக்கிறது பாருங்க. இதோ அக்டோபர். என்ன தெளிவு! கீழே பொடி எழுத்தில் க்ளினிக் நேரம், பக்கத்தில் ஆணி, ஆணியில் துரு. நவம்பர், துரு தெரிகிறது. டிசம்பர், ஆணி இருக்கிறது, துரு இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் நேரம் படிக்க முடியவில்லை. லென்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, கை ஆடினாலும் படம் ஆடாமல் அது பிடித்துக்கொள்ளும். இவ்வளவு விலை கொடுப்பதே பாதி அதற்குத்தான். அதைப் போட மறந்துவிட்டாரா? இல்லை. குரங்குக்குப் போட்டிருக்கிறார், வரையாட்டுக்குப் போட்டிருக்கிறார். இங்கே எழுதி வரும், பாருங்க. போர்டுக்கு மட்டும் ஆஃப். எல்லா ஞாயிறும் ஆஃப். வேண்டுமென்றே.

பிப்ரவரி. "பல்" இல்லை.

இது இன்றைக்குக் காலையில் எடுத்தது. போர்டு என்று எனக்குத் தெரியும், அதனால் தெரிகிறது. உங்களுக்கு என்ன தெரிகிறது? வெள்ளையாக ஏதோ ஒன்று. இல்லையா?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? காற்றாக இருக்கும். விடியற்காலையில் எங்க தெருவில் காற்று அடிக்கும். இல்லை, அடிக்காது. நீங்க பேசாதீங்க, வாயைத் திறக்காதீங்க, வந்துவிடும்.

நான் சரியாகத்தான் செய்தேன், அக்கா. உங்களுக்கும் செய்து காட்டுகிறேன். நீங்களே சொல்லுங்க, இதில் கோபப்பட என்ன இருக்கிறது. இது வெறும் கை. கட்டைவிரல் இப்படி. சின்னதாக. இப்போது லென்ஸின் மேல் வைக்கிறேன், நிற்க வேண்டும். ஒரு நிமிஷம், பஸ் ஆடுகிறது. நிற்கும். இந்த இடத்தில் நின்றுவிடும்.

ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க?

நடிக்கிறேன் அக்கா. நான்தான் சொன்னேனே, எல்லாம் நடிப்பு. விடுங்க, நானே நிறுத்துகிறேன்.

...இல்லை, விடாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

அம்மா பாதி டம்ளர்தான் ஊற்றுகிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெனாசிர் அக்காவுக்கும். அந்தக் குழு முன்னால் அவர்... எல்லாரும் நடுங்குகிற இடத்தில் அவர் ஒருத்தர்தான் நடுங்காமல் நின்றார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வரும்வரைக்கும் காத்திருப்பார். அதைப் போய் நான்.

இப்போது எத்தனையாவது வளைவு? மூன்றா? அடுத்தது ஆழியாறு வந்துவிடும். அண்ணா! கண்டக்டர் அண்ணா! ஆழியாறு எறக்கம்!

"பேசாம உக்காரு பாப்பா. உன்ற வேலையெல்லாம் தெரியும். பொள்ளாச்சிக்குத்தான டிக்கெட்டு எடுத்த?"

"இல்லண்ணா, நெசமாத்தான். நான் ஆழியாத்துலயே எறங்கிக்கறன். பின்னால பஸ்ஸுல எங்கப்பா வர்றாரு."

"எந்த அப்பா? நீ என்ற கொரல்லயே சொல்லு, நிறுத்தறன்."

"அண்ணா, இது என் கொரலுதாண்ணா. நிறுத்துங்க."

நம்பிவிட்டார். அடுத்த பஸ் அரைமணி நேரத்தில் வரும், அதில் ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருப்பார், வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு. ஏறி என்ன சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காருவேன். இதை அவர் மடியில் வைப்பேன். அவ்வளவு தெரியும்.

அக்கா, எனக்கு அந்தக் கவர் கிடைக்குமா? பழமும். எனக்கா? ஒன்றும் இல்லை. வளைவு.

வந்துவிட்டது. நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்க ஜன்னல் வழியாக இந்தப் பையைக் கொடுங்க. ஒரு கையால் வேண்டாம். ரெண்டு கையாலும் பிடிங்க.

பாத்து, கனம்.